லிண்ட்சேயின் இடத்தில் எழுபது லிட்டர்

போன வருஷம் ஜூலை மாதம், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், மாரீ என்ற பாலைவன ஊரிலிருந்து வடக்கே நூற்று இருபது கிலோமீட்டர் தள்ளி, நாங்கள் மூன்று பேரும் வண்டிக்குப் பின்னால் நின்று ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராய்ஸ் அதைத் திறந்தான். கொஞ்சம் காற்று வந்தது. மூடிவிட்டு மறுபடியும் திறந்தான். இந்தத் தடவை காற்றும் வரவில்லை.

மூன்று பேர் என்றால் நான், என் கணவன் ராய்ஸ், என் அண்ணன் லிண்ட்சே. வண்டிக்கு அடியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தொட்டியை வழியில் எங்கேயோ ஒரு கல் கிழித்திருந்தது. அறுபது லிட்டர் தண்ணீரையும் பாதைக்கு வார்த்துக்கொண்டே வந்திருக்கிறோம், ஒருவருக்கும் தெரியாமல். கையில் மிச்சம் இருந்தது இரண்டு பாட்டில். லிண்ட்சே குனிந்து பார்த்துவிட்டு, கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் லேசாக ஒரு திருப்தி இருந்தது. தொட்டியை அடியில் மாட்டாதே என்று முதலிலேயே சொன்னவன் அவன்தான்.

உயிருக்கு ஆபத்து ஒன்றும் வந்துவிடவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. அந்த வீட்டுக்காரி முகம் சுளிக்காமல் எங்கள் கேன்களை நிரப்பிக் கொடுத்தாள். ஆனால் அது ஆழ்குழாய்த் தண்ணீர். முட்டை கெட்டுப்போன வாசனை, உப்பு, வேறு என்னவோ எல்லாம் அதில் இருந்தது. அடுத்த ஐந்து நாளும் அந்தத் தண்ணீரில்தான் டீ. ராய்ஸ் ஒரு நாளைக்கு எட்டு கப் டீ குடிக்கிறவன். ஒவ்வொரு கப்பையும் மருந்து போல விழுங்கினான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரான பீட்டர்பரோவுக்கு வந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவின பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அடுத்த டேங்க் வண்டிக்குள்ளதான்" என்றான்.

சொல்வது சுலபம். வண்டிக்குள் எங்கே வைப்பது? நான் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவள். பாரம் எங்கே உட்கார வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரையில் வைத்தால் மணல் மேட்டில் வண்டி சாய்ந்துவிடும். வண்டியின் கடைசியில், பின் கதவை ஒட்டி வைத்தால் பின்பக்கம் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும். எழுபது லிட்டர் என்றால் எழுபது கிலோ. அது இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையோடு தரையாக இருக்க வேண்டும். அதாவது, முன் சீட்டுக்குப் பின்னால். அதாவது, லிண்ட்சே உட்காரும் இடத்தில்.

லிண்ட்சே என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அவன் மனைவி பெரில் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் அவன் வீட்டுத் திரைச்சீலைகளைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் வலுக்கட்டாயமாக ஒரு குளிர்காலத்தில் அவனை எங்களோடு பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. நான்கு குளிர்காலம். பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒரு பக்கம் துப்பறியும் நாவல் மூட்டையும் இன்னொரு பக்கம் பெப்பர்மின்ட் பொட்டலமுமாக உட்கார்ந்து வருவான். ராய்ஸ் வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கருத்து சொல்லிக்கொண்டே வருவான். மூணாவது கியர் போதும். இடது பக்கம் மணல் இளகியிருக்கு. அந்தப் பள்ளத்தைப் பார்த்தியா, பார்க்கலையா. ராய்ஸ் பதில் சொல்ல மாட்டான். காது மட்டும் சிவக்கும்.

அதனால் பின் சீட்டைக் கழற்றலாம் என்று ராய்ஸ் சொன்னபோது, தண்ணீரைப் பற்றி மட்டும்தான் அவன் யோசித்தானா என்று எனக்குச் சந்தேகம். 

அண்ணனிடம் யார் சொல்வது என்பதில்தான் சிக்கல். உன் அண்ணன், நீயே சொல் என்றான் ராய்ஸ். உன் யோசனை, நீயே சொல் என்றேன் நான். இப்படியே ஏப்ரல் போய்விட்டது. அதற்குள் ராய்ஸ் கடை கடையாக அலைந்து பார்த்தான். விற்கிற தொட்டி எதுவும் எங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. தரையின் நடுவில் ஒரு மேடு ஓடுகிறது. அதன் மேல் உட்காரும்படி அடிப்பக்கம் வளைந்த தொட்டிதான் வேண்டும். கடைசியில் அவன் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, ஒட்டி, தொட்டி மாதிரியே ஒன்றைச் செய்து பின் சீட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லிண்ட்சே எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். நான் அடுப்பிலிருந்து ஆட்டுத்தொடையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவன் வண்டியின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே அவன் சீட்டில் அந்த அட்டைப்பெட்டி. ராய்ஸ் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். லிண்ட்சே அட்டையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 

"இந்த மூலைய எதுக்கு இப்படிச் சாய்ச்சு வெட்டின?" என்று கேட்டான். "பத்து லிட்டர் வீணாப் போகுதே. கதவு இடிக்கும்னு பயந்தியா? இடிக்காது. நான் பண்ணித் தரேன், குடு."

அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாப்பிட வந்தான். சாப்பாட்டு மேஜையில் கால்பந்தைப் பற்றிப் பேசினோம். சீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவன் பண்ணித் தருகிறேன் என்றால் அதில் வியப்பில்லை. முப்பது வருஷம் கிளேர் பக்கத்துத் திராட்சை ரசத் தொழிற்கூடங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகில் தொட்டி செய்து கொடுத்தவன். அந்தத் தொட்டிகளுக்குள் நான்கு பேர் நின்று நடனமாடலாம். ஆனால் பெரில் போன பிறகு அவன் வெல்டிங் பொறியை மூடியிருந்த துணியை விலக்கவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. தன் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளப் போகிற ஒரு பொருளுக்காகவா அந்த மனிதன் அந்தத் துணியை விலக்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து ஒரு பாத்திரம் பூசணி சூப்பை எடுத்துக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். உள்ளே நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டு வாசலில் நின்றேன். அவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். முகமூடிக்குள்ளிருந்து வந்த அந்தச் சீட்டிக்கு ராகம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் பெரில் இருந்த காலத்துக்குப் பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான். உடனே கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டியின் உள்பக்கத்தைக் காட்டினான். உள்ளே குறுக்கே இரண்டு தகடுகள், அவற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டைகள். தொட்டி பாதி காலியான பிறகு தண்ணீர் இஷ்டத்துக்கு அலைபாயக் கூடாது. அலைபாய்ந்தால் திருப்பத்தில் வண்டியையே பிடித்துத் தள்ளிவிடும். இந்தத் தகடுகள் அதைத் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர விடும். இதையெல்லாம் அவன் எனக்கு விளக்கினான். நான் பேருந்தில் நாற்பது பிள்ளைகளை அப்படித்தான் அடக்கி வைத்தேன் என்றேன். சிரித்தான். சூப்பை வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

மூன்று வாரத்தில் தொட்டி தயாராகிவிட்டது. அதை மாட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை காலையைக் குறித்தோம். லிண்ட்சே அதை ஒரு கம்பளியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். பிரித்துக் காட்டினான். தரை மேட்டுக்கு ஏற்ற வளைவு, மூலைகளில் உருட்டின ஓரம், கண்ணாடி போல வழுவழுப்பான பற்றவைப்பு. ராய்ஸ் விரலால் ஒரு முறை அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத உள்ள மறைச்சு வைக்கணுமேன்னு இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப்பெரிய புகழ்ச்சி அது.

பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தோம். அதன் நான்கு போல்ட் ஓட்டைகளில் பின்னால் இருந்த இரண்டு தொட்டிக்கும் பொருந்தின. முன்னால் புதிதாக இரண்டு போட வேண்டும். வெறும் பட்டையால் கட்டிவைக்கிற பேச்சுக்கே இடமில்லை என்று லிண்ட்சே சொல்லிவிட்டான். வண்டி எங்கேயாவது முட்டினால் எழுபது கிலோ எங்கள் இரண்டு பேர் பிடரியில் வந்து விழும். தரையைத் துளைத்து, அடியில் தடித்த தகடு கொடுத்து, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். ஆனால் தரைக்கு அடியில் டீசல் குழாய் ஓடுகிறது, பிரேக் குழாய் ஓடுகிறது, வயர்கள் ஓடுகின்றன. அதனால் லிண்ட்சே கண்ணாடி மாட்டிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து மல்லாந்தபடியே வண்டிக்கு அடியில் நுழைந்தான். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ராய்ஸ் உள்ளே மண்டியிட்டுத் துளைப்பானைப் பிடித்துக்கொண்டான். நான் கதவோரம் நின்று இங்கே சொல்வதை அங்கேயும் அங்கே சொல்வதை இங்கேயும் சேர்ப்பித்தேன்.

முதல் ஓட்டை சரியாக விழுந்தது. இரண்டாவதுக்கு ராய்ஸ் போட்ட குறியை லிண்ட்சே கீழேயிருந்து தட்டிப் பார்த்துவிட்டு, மூன்று விரல் இடது பக்கம் தள்ளச் சொன்னான். நானும் மூன்று விரல் இடது பக்கம் என்றேன். ராய்ஸ் தள்ளினான். துளைப்பான் அலறியது. தகடு கிழிகிற சத்தம் கேட்டது.

"நிறுத்து" என்றது கீழேயிருந்து ஒரு குரல். கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ராய்ஸ் நிறுத்தினான்.

"நான் சொன்னது என் இடது."

"நீ மல்லாக்கப் படுத்திருக்க, லின். உன் இடது எனக்கு வலது."

"தெரியுதுல்ல? அப்ப நீதான யோசிச்சிருக்கணும். டீசல் குழாய் மேல நகக்கீறல் விழுந்திருக்கு. இன்னும் ஒரு நூல் எறங்கியிருந்தா என் மூஞ்சில டீசல்தான்."

ராய்ஸின் காது சிவந்தது. நான்கு வருஷமாகச் சிவந்துகொண்டிருந்த அந்தக் காது அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது என்று சொல்ல வேண்டும்.

"நாலு வருஷமா பின்னால உக்காந்துக்கிட்டு இடதுன்ன, வலதுன்ன, மூணாவது கியருன்ன. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான ஓட்டினேன். இனிமேயாச்சும்..."

அதோடு நின்றுவிட்டான். சொல்லி முடிக்காவிட்டாலும் சொன்னது சொன்னதுதான். புல்வெளியில் அந்தச் சீட்டு வெயிலில் கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் பொறியை அணைத்தார்கள். அந்த அமைதியில் லிண்ட்சேயின் குரல் கீழேயிருந்து வந்தது.

"இனிமே அங்க தண்ணி உக்காந்திருக்கும். அது வாயத் தொறக்காது. தகடு வச்சிருக்கேன்ல."

பிறகு அவன் கால்கள் நகர்ந்தன. புழு மாதிரி நெளிந்து வெளியே வந்து, தலைமுடியிலிருந்து இரும்புத் தூளைத் தட்டிவிட்டு, தன் சீட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். நான், நாங்களே சொல்லலாம் என்றுதான் இருந்தோம் என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

"அட்டையப் பாத்தப்பவே தெரியும், கிளென். எனக்குக் கண்ணு இருக்கு. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எனக்கு இந்தப் பாலைவனமே புடிக்காது."

ராய்ஸ் துளைப்பானைக் கீழே வைத்தான்.

"ஈ. தூசி. தரையில படுக்கை. காலைல எந்திரிச்சா முதுகு கதவு மாதிரி கிரீச்சுங்குது. முதல் வருஷத்துல ஆறாம் நாளே வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

"அப்ப எதுக்கு நாலு வருஷம் வந்த?" என்று கேட்டேன்.

"நீதான கூப்ட்ட. நான் வரலைன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு வந்தேன். அண்ணன் தனியா கெடக்கானேன்னு நெனச்சு நெனச்சு உனக்கு ஊர் சுத்துறதே கசந்துடும். அதுவும் இல்லாம..." ராய்ஸைப் பார்த்தான். "இவன் ஓட்டுற ஓட்டுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கறது நல்லதுன்னு தோணிச்சு."

ராய்ஸ்தான் முதலில் சிரித்தான். மண்டியிட்டிருந்தவன் அப்படியே வண்டித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சிரிப்பதைப் பார்த்து லிண்ட்சேக்கும் சிரிப்பு வந்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான்கு குளிர்காலம் அவனுக்காக என்று நான் சுமந்தேன், எனக்காக என்று அவன் சுமந்திருக்கிறான். ராய்ஸ் எங்கள் இரண்டு பேருக்காகவும் காதைச் சிவக்கவிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் சொன்னது முழு உண்மைதானா, எங்களைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கச் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஒருநாள் அவனிடம் நேராகவே கேட்டேன். ஈயைப் பற்றிச் சொன்னது உண்மை என்றான்.

அன்று மதியத்துக்குள் டீசல் குழாயைத் துடைத்துப் பார்த்து, கீறல் ஆழமில்லை என்று உறுதி செய்துகொண்டு, தவறாகப் போட்ட ஓட்டையை அடைத்து, சரியான இடத்தில் புதிதாகப் போட்டோம். இந்தத் தடவை இடது வலது என்ற பேச்சே இல்லை. வீட்டுப் பக்கம், தெருப் பக்கம் என்று சொல்லிக்கொண்டோம். போல்ட் நான்கும் ஏறின. தொட்டியின் வாயிலிருந்து பக்க ஜன்னல் வரைக்கும் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய், காற்றுப் போவதற்கு அதைவிட உயரமாக ஒரு சின்னக் குழாய், அடியிலிருந்து பின் கதவுக் குழாய்க்கு ஒரு பம்பு. தொட்டியில் சமையல் சோடாவைக் கலந்து ஒரு இரவு ஊறவைத்து இரண்டு முறை கழுவினேன். மறுநாள் முதல் டம்ளரை ராய்ஸ் குடித்தான். தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது என்றான்.

ஜூலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வறண்டு கிடக்கும் ஐர் உப்பு ஏரிக்குக் கிளம்பினோம். அதே காலையில் லிண்ட்சே தன் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போர்ட் லிங்கனுக்குப் போனான். அங்கே படகுத்துறைக்கு எதிரே மெத்தை போட்ட ஒரு அறையும், மீன் பிடிக்க ஒரு படகும் பத்து நாளைக்குச் சொல்லிவைத்திருந்தான். பெரில் இருந்தபோது ஆண்டுதோறும் அங்கேதான் போவார்களாம். அவள் இல்லாமல் போவதற்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. அதைத் தன் தூண்டில்களைக் காரில் ஏற்றும்போது போகிற போக்கில்தான் சொன்னான். அவன் எங்களோடு வந்த நான்கு வருஷமும் அந்த அறையைத் தள்ளிப்போடத்தான் வந்தானோ என்று எனக்குத் தோன்றியது. 

முதல் நாள் ராய்ஸ் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். இரண்டாம் நாள் கல் பாதையில் வண்டி உதறியபோது பின்பக்கம் காட்டும் நடுக்கண்ணாடியை ஒருமுறை பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பார்த்தான். "மூணாவது போதும்ல?" என்று தானாகவே முணுமுணுத்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டு, போதும் என்றேன்.

மாரீயில் வண்டிகள் தங்குமிடத்தில் தொட்டியை மறுபடி நிரப்பப் போனபோதுதான் தகராறு. குழாயைச் சொருகி ஐந்து லிட்டர் கூடப் போயிருக்காது, உள்ளே குடல் புரட்டுகிற மாதிரி ஒரு சத்தம், தண்ணீர் திரும்பி ராய்ஸின் முகத்தில் பீய்ச்சியது. மூன்று முறை முயன்றான், மூன்று முறை குளித்தான். லிண்ட்சே தொட்டிக்குள் வைத்த தகடு கழன்றுவிட்டது என்றும், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்றும் ராய்ஸ் சொல்ல ஆரம்பித்தான். நான் கைபேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் கடற்பறவைகளின் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"என் தகடு கழலாது" என்றான் முதலில். பிறகு, "மேல போற சின்னக் குழாய் மேல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

போய்ப் பார்த்தேன். என் தலையணை. சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கட்டும் என்று காலையில் நான்தான் அங்கே திணித்தேன். காற்றுக் குழாய் அதற்கடியில் இரண்டாக மடங்கிக் கிடந்தது. காற்று வெளியே போனால்தானே தண்ணீர் உள்ளே போகும். தலையணையை உருவினேன். தொட்டி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அதன் பிறகு தொட்டி நிறையும் வரை தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

தலையணை என்று சொன்னதும் லிண்ட்சே சிரித்த சிரிப்பு கைபேசிக்கு வெளியே கேட்டது. ராய்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடு என்று கையை நீட்டினான். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவான் என்று நினைத்தேன். அவனோ வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி இருபது நிமிஷம் பேசினான். பாதை எப்படி இருக்கிறது, எந்த இடத்தில் கல் அதிகம், எந்தப் பள்ளத்தில் எந்த கியர் போட்டான். மறுமுனையில் என்ன மீன், எத்தனை, என்ன தூண்டில் இரை. மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டான். நான் அதற்குள் பன்றி இறைச்சியும் முட்டையும் பொரித்து, இரண்டு தட்டுகளில் வைத்து, என்னுடையதைச் சாப்பிட்டும் முடித்துவிட்டேன்.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மரம் கிடையாது, கிணறு கிடையாது, கண்ணுக்கெட்டின வரை வெள்ளை உப்பும் அதற்கு மேல் நீலமும்தான். இரண்டு பகல் தங்கினோம். டீ, சமையல், பாத்திரம் எல்லாம் போக, தொட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக நாள் முழுக்க வெயில் அடித்ததில் தண்ணீர் கைச்சூட்டுக்கு வந்திருந்தது. அப்படி ஆகும் என்று நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

மாலை நாலு மணி இருக்கும். தலைக்குக் குளிச்சிக்கிறியா என்று ராய்ஸ் கேட்டான். பாலைவனத்தில் தண்ணீரை அப்படிச் செலவழிப்பதா என்று என் வாய் சொல்லப் பார்த்தது. சொல்லாமல், பின் கதவுக்கு அடியில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன். அவன் பம்பைப் போட்டான். வெதுவெதுப்பான தண்ணீர் பின்கழுத்தில் விழுந்து, காதோரம் வழிந்து, உப்பு மண்ணில் இறங்கியது. முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவன் என் தலையைக் கழுவிவிட்டது அதுதான் முதல் தடவை. ஷாம்பூவை அள்ளி வைத்து, நாயைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்த்தான். இன்னும் கொஞ்சம் மெதுவாக என்றேன். மெதுவாகத் தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, நுரை எல்லாம் போகும் வரை, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.